நிற்கிற காலுக்கும் ஒரு சென்சார்

அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். கியூரி சகோதரர்கள் 1880-லேயே கண்ட விஷயம். ஆனால் படிகம் உடம்போடு வளையாது. 1969-ல் ஜப்பானின் கவாய், பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டி, உயர் மின்புலத்தில் வைத்தால் அதற்கும் இந்தக் குணம் வருவதைக் காட்டினார். தாள் மாதிரி மெல்லிசு. மணிக்கட்டில் ஒட்டினால் நாடியைப் பிடிக்கும். செருப்புக்குள் வைத்தால் ஒவ்வொரு அடியையும் சொல்லும்.

எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போச்சு. போன வருஷம் உள்ளங்காலில் புண். "வலிக்கவே இல்லையேடா, எப்படித் தெரியும்?" என்றாள். "செருப்புல இதை வச்சா சொல்லிடும்மா" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். எது சொன்னாலும் நம்பிவிடுவாள்.

அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. இந்தத் தாள் அழுத்தம் மாறும்போதுதான் பேசும். அப்படியே நின்றால் மின்னூட்டம் கசிந்து சிக்னல் பூஜ்யமாகிவிடும். அம்மாவோ இட்லிக் கடை அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பவள். போதாததற்கு, சூடு மாறினாலும் இதில் மின்னூட்டம் வரும்!

நடப்பவர் அடியை மட்டும் எண்ணும் செருப்பு, நின்று பிழைப்பவருக்கு உதவாது என்பது என் கருத்து. அழுத்தத்துக்கேற்ப மின்தடை மாறும் சென்சார் ஒன்றும், தெர்மிஸ்டர் ஒன்றும் கூடவே வேண்டும். புராஜெக்டுக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சார்ஜ் ஆம்பிளிஃபயர் கட்டத் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் நண்பர் ஒருவர் தேவை; நான் மெக்கானிக்கல்.