பட்டம் பெற்றவர் எத்தனை பேர்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, தன் முதல் பிரிவு வீரர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் பட்டம் பெறுவதாகச் சொல்கிறது. அரசின் கணக்கோ 70 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. இரண்டுமே ஆறு ஆண்டு அவகாசம் தருபவைதான். வேறு கல்லூரிக்கு மாறியவரைப் பட்டம் பெறாதவராக அரசு எழுதுகிறது; இது அநீதி. என்.சி.ஏ.ஏ.வோ, தகுதியான மதிப்பெண்ணோடு வெளியேறியவரைப் பட்டியலிலிருந்தே நீக்குகிறது. அவர் பிறகு எங்குமே சேராவிட்டாலும் கல்லூரியின் விகிதம் குறையாது. இது அதைவிடப் பெரிய அநீதி.

பட்டத்தின் தரத்தை இரண்டுமே அளப்பதில்லை. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 18 ஆண்டுகளாக, வகுப்பே நடக்காத பாடங்களுக்கு மதிப்பெண் வழங்கியது 2014இல் அம்பலமானது. அந்தப் பாடங்களில் சேர்ந்த 3,100 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள்.

எந்தக் கல்லூரிக்கு மாறினாலும் ஒவ்வொரு வீரரையும் பின்தொடர்ந்து, அவர் படித்து முடித்தாரா என்பதை வெளியிடுவதே நேர்மை. என்.சி.ஏ.ஏ. அதை உடனே செய்ய வேண்டும்.