லாரிக்காரரின் கணக்கு லாரிக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

பால் நிறுக்கும் கொட்டகையில் தராசைப் பார்க்காமல் வாளியை இறக்கிவிட்டுப் போகும் தொழிலாளி நம்மில் எவரேனும் உண்டா? பால் எத்தனை கிலோ, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை வீதம், செக்ரோலில் கிராணி என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க நம்மவர் கற்றுக்கொண்டு வெகு காலமாகிறது. அப்படிப் பார்ப்பதை மரியாதைக் குறைவு என்று முகம் சுளித்த கிராணிமாரும் இருந்தார்கள். நானும் ஒரு கிராணிதான். ஆகவே துணிந்து சொல்கிறேன்: எவரும் பார்க்காத கணக்கில் எந்தத் தவறும் நுழையலாம்.

அந்தத் தொழிலாளியின் மகன் இன்று பாசிர் கூடாங்கில் லாரி ஓட்டுகிறான். 1977-இல் ஜொகூர் துறைமுகம் இங்கே வேலை தொடங்கிய பிறகு, பால்வாளி தூக்கிய குடும்பங்களிலிருந்து எத்தனையோ பேர் பெட்டி லாரிக்கும் எண்ணெய் டாங்கி லாரிக்கும் போய்விட்டார்கள். அவனுக்கும் ஒரு செக்ரோல் உண்டு. ஜேபிஜே என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் ஒரு பகுதி, போலீசில் ஒரு பகுதி, கம்பெனி ஆபீஸ் அலமாரியில் ஒரு பகுதி. மூன்றையும் அவன் பார்ப்பதில்லை. பார்க்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

எங்கள் தோட்டத்தில் பிறந்த ஒருவர் சென்ற ஆண்டு தம் சரக்கு வாகன லைசென்சைப் புதுப்பிக்கப் போனார். சம்மன் பாக்கி இருக்கிறது, முடியாது என்றார்கள். எந்தச் சம்மன் என்று பார்த்தால், ஒரு சிவப்பு விளக்கு. தேதியைக் கண்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அன்று அவர் தம் தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்காக எங்கள் லயத்தில் இருந்தார். அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் நான்! லாரியை வேறொருவர் எடுத்துச் சென்றிருக்கிறார். கம்பெனி ஆபீசிலோ, அந்த லாரிக்கு வழக்கமாக எந்தப் பெயரோ அந்தப் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். லீவு பாரத்தின் நகல் கைப்பேசியில் இருந்தபடியால் பிழைத்தார். ஆனாலும் லைசென்ஸ் கைக்கு வரும்வரை பல வாரம் வேலையில்லை, சம்பளமில்லை.

இது எப்படி நடக்கிறது? காமிரா பிடித்த குற்றத்துக்கு நோட்டீஸ் வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் வரும். ஓட்டியது யார் என்று அவர் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. சட்டத்தில் பிழையில்லை. ஆனால் கம்பெனியில் அந்தப் பெயரை எழுதுவது முதலாளி அல்லர். என்னைப் போன்ற ஒரு கிராணி. தோட்டத்து லாரிக்கு வந்த நோட்டீஸ் ஒன்றை நானே மூன்று வாரம் மேஜை இழுப்பறையில் போட்டு மறந்ததுண்டு. 2026 ஜனவரி முதல், சமரசத் தொகை கட்டக்கூடிய சம்மனை 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. நாள் ஏற ஏறச் சலுகை குறையும். என் மறதிக்கு இன்னொருவர் பணம் அழும் ஏற்பாடல்லவா இது?

ஆகவே டிரைவர் மாதம் ஒருமுறை தாமே பார்க்க வேண்டும். ஜேபிஜே சம்மனை மைஜேபிஜே செயலியில் காணலாம். போலீஸ் சம்மன் வேறு. அதற்கு மைபாயார் என்ற தளம். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டால் பாதிக் கணக்குதான். புள்ளிக் கணக்கு இன்னொன்று. 2017 ஏப்ரலில் வந்த கெஜாரா ஏற்பாட்டின்படி சிவப்பு விளக்கை மீறினால் 4 புள்ளி; 20-இல் எச்சரிக்கை; மேலும் சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்தம். ஆனால் சம்மனைக் கட்டினாலோ கோர்ட்டில் குற்றம் தீர்ந்தாலோதான் புள்ளி ஏறும். எனவே புள்ளி இல்லை என்பதால் சாலையில் குற்றமில்லை என்று ஆகாது. தம் பெயரில் இல்லாத குற்றத்தை, ‘தொல்லை ஒழியட்டும்’ என்று கட்டிவிட்டால், அது தம் குற்றமாகவே பதிந்துவிடும். இதை வாசகர்கள் மறக்கலாகாது.

கம்பெனி அலமாரியில் இருப்பதற்கும் வழியுண்டு. 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சர்க்கார் இலாகாக்களைக் கட்டுப்படுத்தாது, கம்பெனியைக் கட்டுப்படுத்தும். எழுத்து மூலம் கேட்டால் 21 நாளுக்குள் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் லாரி முதலாளி டிரைவரின் சாலைப் பதிவை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது வரவழைத்துப் பார்த்தே தீர வேண்டும். பழைய முதலாளி தவறான விவரம் கொடுத்தால் டிரைவர் தம் மறுப்பை எழுதிச் சேர்க்கவும் இடமுண்டு.

டிரைவர் எல்லாரும் உத்தமர் என்று நான் வாதாட வரவில்லை. 2025 ஜூன் 9 அன்று கிரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 மாணவர்கள் மாண்டார்கள். அந்த டிரைவர் பெயரில் 18 சம்மன்கள் என்று பிறகு வெளியாயிற்று. பிறகு! பிள்ளைகள் ஏறுவதற்கு முன் அந்தக் கணக்கைப் பார்த்தது யார்? அப்படி ஓட்டுகிறவருக்குச் சங்கம் குடை பிடிக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அதே சமயம், நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி விரட்டுகிற முதலாளி, சம்மன் வந்ததும் டிரைவரைக் கைகாட்டி ஒதுங்குவதையும் ஒப்ப முடியாது. பால் எடைக்குக் கூலி வாங்கும் நமக்கு, அவசரம் எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்து லாரி, டிராக்டர் ஓட்டுநர்களுக்காக நம் கிளை அடுத்த பேச்சுவார்த்தையில் இரண்டே வரி கேட்கட்டும். நோட்டீஸ் வந்த மூன்று நாளுக்குள் நகல் டிரைவர் கையில் சேர வேண்டும். அவர் கையெழுத்தில்லாமல் அவர் பெயரை எந்தக் கிராணியும் எழுதி அனுப்பக் கூடாது. துரைமார் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்போம்.

அதுவரை ஒன்று செய்யலாம். மாதக் கூட்டத்துக்கு வரும்போது, லாரி ஓட்டும் மகனையோ மருமகனையோ அழைத்து வாருங்கள். அடையாள அட்டையும் லைசென்சும் கைப்பேசியும் கொண்டுவரட்டும். கூட்டம் முடிந்தபின் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவர் கணக்காகப் பார்த்துக் கொடுக்க நான் தயார்.