கடைக்காரர் கதாசிரியர் ஆனார்!

"கதை எழுத வேண்டும் என்று ஆசை இருக்கிறது. நேரம்தான் இல்லை!"

இப்படிச் சொல்கிற வாலிபர்கள் ஊருக்கு ஊர் உண்டு. இராஜபாளையத்துக்குத் தெற்கே உள்ள செட்டியார்பட்டியிலும் இருப்பார்கள். செட்டியார்பட்டி, தளவாய்புரம் வட்டாரத்தில் தையல் தொழில் அதிகம். நாள் முழுவதும் மிஷினில் உட்கார்ந்து நைட்டி தைத்தவருக்கு இரவில் முதுகு வலிக்கும். அவர் எப்போது கதை எழுதுவது?

கேள்வி நியாயமானதுதான். ஆனால், இதே விருதுநகர் மாவட்டத்தில் ஒருவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வாயால் அல்ல, பேனாவால்!

அவர்தான் மேலாண்மை பொன்னுச்சாமி. 1951-ல் மேலாண்மறைநாடு கிராமத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஊரிலேயே கடை நடத்தினார். கிராமத்துக் கடை என்றால் உப்பு, புளி மட்டுமா வந்து போகும்? ஊரே வந்து போகும்! மழை பொய்த்தால் கடைக்காரருக்குத் தெரியும். எந்த வீட்டில் கூலி வரவில்லை என்பது கடன் நோட்டிலேயே தெரிந்துவிடும். அந்தச் சம்சாரிகளும் கூலிக்காரர்களும்தான் அவருடைய கதைகளில் நடமாடினார்கள். 'மின்சாரப்பூ' என்ற சிறுகதைத் தொகுதிக்கு 2007-ம் ஆண்டின் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. 2017-ல் அவர் காலமானார்.

கடை அவருக்குத் தடையாக இருக்கவில்லை. கடைதான் பள்ளிக்கூடம்! தையல் மிஷினும் அப்படி ஆகலாம். ஆனால், பார்த்ததையும் கேட்டதையும் மறக்குமுன் எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும்.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் கி.ராஜநாராயணன் விவசாயம் பார்த்தவர். 'மாயமான்' என்ற கதை 1958-ல் 'சரஸ்வதி'யில் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஊர் ஜனங்கள் பேசுகிற சொற்களைச் சேர்த்துச் சேர்த்து, 1982-ல் கரிசல் வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே கொண்டு வந்தார். கல்லூரிப் பட்டம் இல்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது! அதே ஊர்க்காரர் கு.அழகிரிசாமி அவருடைய நண்பர். இருவரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். கடிதமும் நல்ல பயிற்சிதான். இப்போது அதை யார் செய்கிறார்கள்?

கைப்பேசியிலும் எழுதலாம், குற்றம் இல்லை. ஆனால், எழுதத் திறந்த கைப்பேசியில் படம் பார்த்துவிட்டுத் தூங்கிப் போகிறவர்களே அதிகம்! பத்து ரூபாய் நோட்டில் அந்தத் தொல்லை கிடையாது. தினமும் அரைப் பக்கம் போதும். எழுதியதை மறுநாள் வீட்டில் யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டலாம். கேட்கிறவர் எந்த இடத்தில் கொட்டாவி விடுகிறாரோ, அந்த இடத்தை அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம். அதோடு, பிறர் எழுதிய நல்ல கதை ஒன்றை வாரம் ஒன்றாவது படிக்க வேண்டும். படிக்காமல் எழுத வருகிறவர் பணம் இல்லாமல் சந்தைக்கு வந்தவர் மாதிரி!

பத்திரிகை கதையைத் திருப்பி அனுப்பினால்? அனுப்பட்டும். கதையில் பழுது இருந்தால் பிரித்துத் தைக்க வேண்டியதுதான். அளவு தப்பிய துணியைப் பிரித்துத் தைக்கத் தையற்காரருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அவர் அளவு குறிக்கிற நோட்டிலேயே கடைசிப் பக்கங்கள் காலியாகத்தான் இருக்கும். பக்கத்து மிஷின் அக்கா இன்று டீ குடிக்கும்போது என்ன சொன்னார்? இன்று இரவு அதை எழுதலாம்.