பழைய கணினிகளைக் கைவிடலாமா?

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. 2022 நெருக்கடியில் ரூபாய் வீழ்ந்தபின், வவுனியாவின் கிராமப் பாடசாலைகளுக்குப் புதிய கணினி எட்டாக்கனி.

மாற்று உண்டு. யுனிக்ஸை ஒத்த லினக்ஸ் இலவசமானது. 64 பிட் கணினியில் 2 ஜிபி நினைவகம் இருந்தால் டெபியன் இயங்கும். தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். இணைய உலாவிதான் சற்றுத் திணறும். 32 பிட் கணினிகளுக்கோ வழி குறுகுகிறது: 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13 அவற்றில் புதிதாக நிறுவுவதைக் கைவிட்டது. நெட்பிஎஸ்டி இன்னும் தாங்குகிறது.

ஓமந்தைக்கு அப்பால் எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். இல்லாதது பயிற்சிதான். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா பல்கலைக்கழகத்தின் கணினி மாணவர்களை வலயக் கல்விப் பணிமனைகள் பாடசாலைகளுக்கு அழைக்கட்டும்.