மகளின் பெயருக்கு வரும் சஞ்சிகை



வெளிநாட்டில் இருக்கும் மாமா, ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மருமகளுக்குப் பிறந்தநாள் பரிசு அனுப்ப விரும்புகிறார். கடையில் சுற்றித்தந்த பேப்பரையும் விரித்து வாசிக்கிற பிள்ளை அவள். “வினாவிடைப் புத்தகம் கேட்கட்டோ மிஸ்?” என்று தாய் என்னிடம் கேட்டார். தகப்பன் இல்லாத வீடு, ஒவ்வொரு ரூபாவும் கணக்கு.

வினாவிடைப் புத்தகம் பரீட்சையோடு முடிந்துவிடும். ரியூசனில் அதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறார்கள்! ஒரு வருடச் சந்தா கட்டச் சொல்லுங்கள் என்றேன். நிவாரண அட்டையில் குடும்பத்தில் ஒருத்தியாக மட்டும் பதியப்பட்ட பிள்ளைக்கு, தன் பெயர் எழுதிய தபால் மாதாமாதம் வருவது சின்ன விடயமல்ல.

எதைத் தெரிவது? அவள் என்ன கேள்வி கேட்கிறாள் என்று முதலில் கவனியுங்கள். கதை, கவிதை என்றால் 2000 இல் தொடங்கிய ‘ஞானம்’, 2007 இல் அல்வாயிலிருந்து வரத்தொடங்கிய ‘ஜீவநதி’ என்பவற்றைப் பார்க்கலாம். இவை பெரியவர்களுக்கான இலக்கிய இதழ்கள். ஆகவே ஓர் இதழை நீங்களும் வாசியுங்கள். தடுப்பதற்கு அல்ல, அவளோடு கதைப்பதற்கு. நட்சத்திரம், பூச்சி, கணக்குப் புதிர் என்று திரிகிறவளுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ பொருந்தும். அது 1987 இல் தொடங்கியது. இந்தியாவிலிருந்து வரவேண்டியதால் தபாற்செலவை முதலில் விசாரியுங்கள். நாங்கள் சிறுவயதில் வாசித்த ‘அம்புலிமாமா’வைத் தேடவேண்டாம், அது நின்றுவிட்டது.

எதுவானாலும் பழைய இதழ் ஒன்றை நூலகத்தில் எடுத்து அவளிடம் கொடுங்கள். இரண்டு நாளில் முடித்தாளா, மூலையில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, இதழ் ஒழுங்காக வெளிவருகிறதா என்றும் கேட்டறிந்து பணம் கட்டுங்கள். கடித உறைக்குள் காசு வைக்காதீர்கள். காசுக்கட்டளை அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மீள்குடியேறிய இடங்களில் வீட்டு இலக்கம் குழப்பமாக இருந்தால் உபதபாலகத்தில் கேட்டு முகவரியை எழுதுங்கள். பாடசாலை முகவரி கொடுத்தால் விடுமுறையில் இதழ் அங்கேயே கிடக்கும்.

மாமா இல்லாத வீடுகள்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். நான்கு தாய்மார் சேர்ந்து ஒரு சந்தா கட்டலாம், பிள்ளைகள் மாற்றி மாற்றி வாசிக்கட்டும். போன் இருக்கிற வீட்டில் 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளத்தைத் திறந்தால், பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை இலவசமாக வாசிக்கலாம். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத 1990களில், யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்கென்று வந்த ‘அறிவுக்களஞ்சியம்’ கூட அங்கே உண்டு. ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசித்தவர்கள் உங்களிலேயே இருப்பீர்கள்.

இன்னுமொன்று. சந்தா கட்டினால் மட்டும் போதாது. பல வீடுகளில் மூத்த மகளுக்குத்தான் சமையலும் தண்ணீர் அள்ளுவதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும். கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லும், ஆனால் வாசிக்க அரை மணித்தியாலம் கிடையாது. சஞ்சிகை வருகிற அன்று பின்னேரமாவது வாளியைத் தம்பியின் கையில் கொடுத்துப் பாருங்கள்.