கேமிங் கணினியும் வீண்விரயமும்: பெற்றோரின் கவனத்திற்கு



தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பகுதிகளில் பல வீடுகளில் ஒரு கோரிக்கை எழுகிறது: "அத்தா, எனக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும்." வளைகுடாவில் உழைக்கும் தந்தை பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். "அது ஹராம்" என்று ஒரே சொல்லில் பேச்சை முடித்துவிடுகிறார். அல்லது மகனின் முகம் வாடக் கூடாதென்று, கடைக்காரர் சொல்லும் தொகையை அப்படியே தவணையில் ஏற்றுக்கொள்கிறார். இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம்.

சூது கலந்த விளையாட்டுக்கும், ஆபாசம் நிறைந்த விளையாட்டுக்கும், தொழுகையை மறக்கடிக்கும் விளையாட்டுக்கும் நாம் பரிந்து பேசவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றித் தடை செய்திருக்கிறது. ஆனால் கூடத்தில் அனைவர் பார்வையிலும் இருக்கும் கணினியை மறுத்துவிட்டு, போர்வைக்குள் நுழையும் கைபேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, மார்க்கத்தைக் காத்துவிட்டோம் என்று சொல்வது எவ்வகை நியாயம்? விளையாடும் அதே கணினிதான் பாடம் படிக்கவும், நிரல் எழுதவும், காணொளி தொகுக்கவும் பயன்படுகிறது. கருவி குற்றவாளி அன்று. அதை வாங்கும் முறையில்தான் நம் குற்றங்கள் ஒளிந்திருக்கின்றன.

திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 26, 27ஆம் வசனங்கள் வீண்விரயத்தை எத்தனை கடுமையாகக் கண்டிக்கின்றன என்பதை நாம் அறிவோம். 25ஆம் அத்தியாயம் 67ஆம் வசனம் விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் இடைப்பட்ட நடுவழியை நல்லடியார்களின் பண்பாகச் சொல்கிறது. திருமண விருந்தின் மீது இந்த அளவுகோலை வைத்துப் பேசும் நாம், கணினிக் கடையின் கொட்டேஷன் மீது அதை ஏன் வைப்பதில்லை?

அந்தக் கொட்டேஷனைச் சற்று வாசிப்போம். "ஐ7 கேமிங் கணினி, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு" என்று எழுதி மலிவாகத் தருவார்கள். ஐ7 என்பது வகையின் பெயர் மட்டுமே. எந்தத் தலைமுறை என்பதே கேள்வி. 2011இல் வந்த ஐ7 2600 பிராசஸரை விட, 2022இல் வந்த ஐ3 12100 வேகமானது. இரண்டிலும் நான்கு கோர்களே உள்ளன. உள்ளமைப்பு பதினோரு ஆண்டுகள் முன்னேறிவிட்டது. மேலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதோ பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர்களையுமே. அந்த "4 ஜிபி" கார்டும் பல நேரங்களில் 2014இல் வந்த ஜிடி 730 ஆக இருக்கிறது. தனிக் கார்டே இல்லாமல், ரைசன் 5 5600ஜி பிராசஸருக்குள் அமைந்த கிராபிக்ஸ் அதை விடச் சிறப்பாக இயங்கும். எண்ணைக் காட்டி விற்கிறார்கள். எண்ணைப் பார்த்து வாங்குகிறோம்.

மறுபுறம், பணம் இருப்பவர் ஏமாறும் விதம் வேறு. வண்ண விளக்குகள் மின்னும் கேபினட், கண்ணாடிப் பக்கம், விலையுயர்ந்த மதர்போர்டு, தண்ணீர்க் குளிர்விப்பான் ஆகியவற்றுக்குப் பல ஆயிரங்களை அள்ளிக் கொடுத்துவிட்டு, கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடிக்கிறார். விளையாட்டின் ஓட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கார்டுதான். எனவே தனிக் கார்டு வாங்குவதானால், கணினிக்கென ஒதுக்கிய தொகையில் மிகப் பெரிய பங்கு அதற்கே போக வேண்டும். 1920×1080 திரையில் விளையாடும் மாணவனுக்கு ஆறு கோர் பிராசஸர் போதும். ஒரே 16 ஜிபி ரேமை விட இரண்டு 8 ஜிபி ரேம்கள் நல்லவை. பிராசஸருக்குள் அமைந்த கிராபிக்ஸை நம்பியிருப்போருக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை வெகுவாக ஏறியது. ஆகவே டிடிஆர்4 ரேமுடன் இயங்கும் பழைய ஏஎம்4 மதர்போர்டா, பிற்காலத்தில் பிராசஸரை மாற்ற வசதியுள்ள, டிடிஆர்5 ரேம் கேட்கும் ஏஎம்5 மதர்போர்டா என்பதை, வாங்கும் நாளின் விலையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

சிக்கனம் கூடாத ஓர் இடமும் உண்டு. அது எஸ்.எம்.பி.எஸ். கேபினட்டுடன் இலவசமாக வரும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். பழுதானால், மதர்போர்டையும் சேர்த்து எரித்துவிடக் கூடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கடந்த பின் நம் மாவட்டம் மின்சாரமின்றித் தவித்ததை நாம் மறக்கவில்லை. சாதாரண நாட்களிலும் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் நல்ல நிறுவனத்தின் எஸ்.எம்.பி.எஸ்., ஒரு யு.பி.எஸ்., கோடை வெப்பத்தைத் தாங்கக் காற்றோட்டமுள்ள கேபினட் ஆகிய மூன்றும் ஆடம்பரம் அல்ல. கஞ்சத்தனமும் விரயத்தில் போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அடுத்து, வாங்கும் வழி. "வட்டியில்லாத் தவணை" என்ற சொல்லைக் கேட்டதும் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்ற கருத்தே கிடையாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் தள்ளுபடி செய்கிறார், வங்கி அதே தொகையை வட்டி என்றே கணக்கில் எழுதி வசூலிக்கிறது. அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அட்டைக் கணக்கில் வந்து நிற்கிறது. பெயரை மாற்றினால் வட்டி ஹலாலாகிவிடுமா? ஆறு மாதம் சேமித்து வாங்குங்கள். அல்லது இன்று உள்ளமைந்த கிராபிக்ஸுடன் தொடங்கி, அடுத்த ஆண்டு கார்டைச் சேருங்கள். பாகம் பாகமாக வாங்க முடிவதே நாமே அமைக்கும் கணினியின் பெரும் வசதி.

"பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்பது சென்னை ரிச்சி தெரு முதல் நம் ஊர்க் கடை வரை காதில் விழக்கூடிய பேச்சு. வரியைத் திருட உடந்தையாகி, வாரண்டியையும் இழப்பது இலாபமா? பழைய கார்டு வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும், இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் உலகெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லாமல் எதையும் வாங்காதீர்கள். விற்கும் நம் சகோதரர்களுக்கும் ஒரு சொல்: தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மறைந்திருந்த ஈரத்தை வெளிக்காட்டி வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். கார்டின் குறையைச் சொல்லியே விற்க வேண்டும்.

திருட்டு விண்டோஸும் திருட்டு விளையாட்டும் இதே கணக்கில் சேர்பவை. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, படைப்புரிமையும் காப்புரிமையும் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்ட உரிமைகள் என்று தீர்மானித்தது. உரிமம் வாங்க இயலாதவருக்கு லினக்ஸ் இலவசமாகவே இருக்கிறது. சில இணைய விளையாட்டுகள் அதில் ஓடா. ஆயினும் ஏராளமானவை ஓடுகின்றன.

ஆகவே பெற்றோரே, மறுக்கவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மகனிடமோ மகளிடமோ ஒரு தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயர், விலை, அதைத் தேர்ந்த காரணம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். மூன்று கடைகளின் விலையை ஒப்பிடச் சொல்லுங்கள். காரணம் எழுத முடியாத வரியை அடித்துவிடுங்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அமானத் என்பதை ஒரு பயானை விட அந்தத் தாள் நன்றாகக் கற்பிக்கும். கணினி வந்த பின் கூடத்தில் வையுங்கள். பாங்கு சொன்னால் அணையட்டும்.

செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற மறுமையின் கேள்வியில் கணினிக் கடை ரசீதும் அடங்கும். அதற்கு நாணமின்றிப் பதில் சொல்லும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.