புற்றின் வேகத்தையும் கேளுங்கள்

புராஸ்டேட் புற்றுநோய் என்று பயாப்ஸி முடிவு வந்ததும் குடும்பத்தார் கேட்பது, “ஆபரேஷன் எப்போது டாக்டர்?” என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் புற்று எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது.

பிரிட்டனின் ‘புரோடெக்ட்’ ஆய்வைப் பாருங்கள். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் தெரியவந்த, சுரப்பியைத் தாண்டாத புற்றுநோய் கொண்ட 1,643 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் கண்காணிப்பு, மற்றொரு பிரிவினருக்கு அறுவை சிகிச்சை, மூன்றாம் பிரிவினருக்குக் கதிர்வீச்சு. 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, இந்நோயால் இறந்தவர்கள் மொத்தமே 45 பேர். இறப்பில் பிரிவுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4%, மற்ற இரண்டிலும் 5% அளவில். ஆக, அவசரம் தேவைப்படாதவர்களே அதிகம். தாமதிக்கக் கூடாத சிலரும் அவர்களோடு கலந்திருக்கிறார்கள். அந்தச் சிலரை அடையாளம் காண, செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் செல் சுழற்சிப் புரதங்கள் உதவும்.

செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதை ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால், அதன் தாழ்ப்பாள் ஆர்.பி. என்னும் புரதம். ஆண் ஹார்மோன் தூண்டும்போது சைக்ளின்-டி பெருகி, சி.டி.கே. 4, 6 நொதிகளுடன் சேர்ந்து ஆர்.பி.மீது பாஸ்பேட்டை ஏற்றுகிறது, தாழ்ப்பாள் விலகுகிறது. பி27 போன்ற புரதங்கள் சி.டி.கே. நொதிகளை அடக்கிவைக்கின்றன. பி27 குறைந்த புற்று, மூர்க்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சை, தாழ்ப்பாள் விலகாமல் பார்த்துக்கொள்கிறது. ஆர்.பி.யையே இழந்துவிட்ட செல்லோ ஹார்மோன் இல்லாமலும் பெருகும்.

இதை வைத்து எளிதாக மருந்து செய்துவிடலாம் என்று தோன்றும். மார்பகப் புற்றுநோயில் பலன் தரும் சி.டி.கே. தடுப்பு மருந்தான அபெமாசிக்லிப், முற்றிய புராஸ்டேட் புற்றுநோயில் அபிராடெரோன் என்னும் ஹார்மோன் சிகிச்சை மருந்துடன் சேர்த்துச் சோதிக்கப்பட்டது. எதிர்பார்த்த கூடுதல் பலன் கிடைக்கவில்லை. ஆர்.பி. இல்லாத செல்லில் இவ்வகை மருந்துக்கு வேலையே இல்லை என்பதும் தெரிந்ததுதான். மருந்தைவிட, நோயைக் கணிப்பதில்தான் இந்த அறிவு இன்று கைகொடுக்கும்.

பயாப்ஸித் துண்டில் கி-67 புரதத்துக்குச் சாயமேற்றினால், பிரியும் முனைப்பில் உள்ள செல்களின் உட்கரு பழுப்பாகத் தெரியும்; மற்றவை நீலமாகவே இருக்கும். நூறு செல்களில் பழுப்பு எத்தனை என்று எண்ணினால் வேகம் புரிந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க்கு நம் ஆய்வகங்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. புதுக் கருவி வேண்டியதில்லை.

நுண்ணோக்கியில் புற்றின் தோற்றத்தை வைத்துத் தரப்படும் கிளீசன் மதிப்பெண் நடுத்தரமாக வந்து, சிகிச்சையா கண்காணிப்பா என்று தடுமாறும் நோயாளிகளுக்காவது கி-67 அளவை அறிக்கையில் சேர்க்க வேண்டும். எத்தனை சதவீதம் தாண்டினால் ஆபத்து என்பதற்குப் பொது அளவுகோலை நோய்க்குறியியல் நிபுணர்கள் வகுக்க வேண்டும். தேவையற்ற அறுவை சிகிச்சையால் சிறுநீர்க் கசிவோடு அவதிப்படுவோரும், காத்திருந்து நோயைப் பரவவிட்டோரும் குறைய இது வழிசெய்யும்.

- கட்டுரையாளர், புற்றுநோய் மருத்துவர்